பிரீமியம் குறைக்க வந்த கரமனை மாமா

கார் இன்சூரன்ஸில் எதை வெட்டினால் எவ்வளவு மிச்சம் என்று கேட்டு இப்போதும் மாதம் இரண்டு பேராவது என் வீட்டுப் படியேறுகிறார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. கரமனையில் அது யாருக்கும் நினைவில்லை. முன்பெல்லாம் பழைய பாலிசியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள். இப்போது போனை நீட்டுகிறார்கள். மேலே பெரிய எழுத்தில் ஒரு தொகை, கீழே சின்னச் சின்னக் கட்டங்கள், எல்லாவற்றிலும் நமக்கு முன்பே யாரோ டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு டிக்கை எடுத்தால் மேலே தொகை இறங்குகிறது.

போன வாரம் என் தங்கை மகன் சோபாவில் சாய்ந்துகொண்டு அப்படித்தான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனான்.

"பெரியம்மே, இது நோக்கு! நல்லா குறைஞ்சாச்சு."

"நீ எடுத்தது என்னதுன்னு வாசிச்சியாடே?"

"இல்ல. எந்தினா வாசிக்கணும்? குறைஞ்சல்லோ!"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. போனைப் பிடுங்கி எல்லா டிக்கையும் திரும்பப் போட்டேன். அவன் முகம் தொங்கிப் போயிற்று. பிறகு ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டு, எங்கள் ஆபீஸில் இந்த வேலை எப்படி நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவனுக்கு ஒரு போன் வந்தது, போய்விட்டான். சொல்ல ஆரம்பித்ததை முடிக்காமல் விட்டால் எனக்கு ராத்திரி சோறு இறங்காது. அதனால் எழுதுகிறேன்.

நான் பகவதி. நாகர்கோவில் வடசேரியில் பிறந்து, கல்யாணமாகி திருவனந்தபுரத்துக் கரமனைக்கு வந்தவள். பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் திருவனந்தபுரம் கிளையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, மோட்டார் பிரிவில் உதவி மேலாளராக வெளியே வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் சில வாரம் வகுப்பு, மத்தியானத்துக்கு மேல் கண்ணைத் திறக்கவே முடியாது. அப்புறம் கொல்லத்துக்கு மாற்றல், ரயிலில் நின்று நின்று கால் வீங்கியது. மீதி எல்லாம் தம்பானூரில் இருந்த எங்கள் கிளையில்தான், அதே ஜன்னலோர மேசை. விதிகளை அந்த வகுப்பில் படித்தேன் என்றாலும், வேலை என்று ஒன்று எனக்குப் பிடிபட்டது மாதவன்குட்டி சார் கிளை மேலாளராக வந்த பிறகுதான்.

சார் பாலக்காட்டுக்காரர். தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். நல்ல உயரம். எந்நேரமும் கன்னத்தில் ஒரு கிராம்பு. பிரீமியம் குறைக்க வேண்டும் என்று யாராவது வந்தால் உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். வந்தவர், தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று பயந்து போவார்.

"வண்டி கொண்டு வந்திருக்கேளோ? வாங்கோ, காணட்டே" என்பார்.

வெயிலானாலும் மழையானாலும் கீழே இறங்கிப் போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயரைத் தொட்டுப் பார்ப்பார். கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பார். பின் சீட்டில் குழந்தையின் செருப்போ பள்ளிக்கூடப் பையோ கிடந்தால் தலையாட்டிக்கொள்வார். பிறகு மூன்று கேள்வி. வண்டி ராத்திரி எங்கே கிடக்கும்? யார் ஓட்டுவது? கூட யார் உட்காருவது? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் கால்குலேட்டரைத் தொடமாட்டார், என்னையும் தொடவிடமாட்டார்.

அவருடைய கணக்கு, இந்த ஆப் போடுகிற கணக்குக்கு நேர் எதிர். பழைய பாலிசியை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெள்ளைத் தாளில் ஒன்றுமில்லாமல் தொடங்குவார். நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான தொகையை முதலில் எழுதுவார். "சட்டம் கேட்கிறது இவ்வளவே உள்ளூ. இதோட ரோட்டில் இறங்கலாம்" என்பார். அந்தச் சின்னத் தொகையைப் பார்த்ததும் வந்தவர் முகம் மலர்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொன்றாக மேலே ஏற்றுவார். உங்கள் வண்டியே மோதி நசுங்கினால்? களவு போனால்? உங்களுக்கு ஒன்று ஆனால்? ஓட்டுகிறவனுக்கு? பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு? ஒவ்வொன்றுக்கும் தொகையைச் சொல்லிவிட்டு, "வேணுமோ?" என்று கேட்டுக் கிராம்பை மென்றபடி காத்திருப்பார். கட்டாயப்படுத்தமாட்டார், அவசரப்படுத்தவும் மாட்டார். வெட்ட வந்தவர்களில் பாதிப்பேர் தாங்களே வேணும் வேணும் என்று சொல்லி, போன வருடத்துப் பாலிசியையே வாங்கிப் போவார்கள்.

அதற்காக அவர் யாருக்கும் காசு மிச்சம் பிடித்துக் கொடுக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். பூட்டிய ஷெட்டில் வண்டி நிற்கிறது, ஓட்டுகிறவர் நிதானமான ஆள் என்றால், முதல் சில ஆயிரம் ரூபாய் நஷ்டத்தை நானே தாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார். பிரீமியம் நன்றாகவே இறங்கும். கேட்டில் உரசிய கீறலுக்கெல்லாம் கிளெயிம் கேட்டு வந்தால் திருப்பி அனுப்புவார். அதை வாங்கினால், கிளெயிம் கேட்காததற்காக வருடக்கணக்காகச் சேர்ந்த போனஸ் தள்ளுபடி போய்விடும், கீறலைவிட அது பெரிசு என்று விளக்குவார். சொந்த வண்டிக்கு யோசிப்பது போலத்தான் யோசிப்பார்.

சிரிப்புக்கும் குறைவில்லை. ஒரு பேராசிரியர் வருவார், வண்டி பழையது. வருடம் ஏற ஏற வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போடுவது வழக்கம், அதனால் பிரீமியமும் குறையும். அவருக்கு அது பொறுக்காது. "என்டெ வண்டிக்கு இத்ரயே விலையுள்ளோ?" என்று சண்டைக்கு வருவார். மதிப்பை ஏற்றிப் போடச் சொல்லி, கூடுதல் பணம் கட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். இன்னொருவர் பழைய காரை மருமகனுக்குக் கொடுத்துவிட்டு, தன் பெயரில் சேர்ந்த நோ கிளெயிம் போனஸையும் அவனுக்கே மாற்றித் தரும்படி நின்றார். அது வண்டிக்குச் சேர்ந்தது இல்லை, ஒழுங்காக வைத்திருந்த ஆளுக்குச் சேர்ந்தது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப் போயிற்று. கடைசியில் சார், "பொண்ணையும் கொடுத்து வண்டியும் கொடுத்தாச்சு, நல்ல பேரு மட்டும் கையில் இருக்கட்டே" என்றார். மனுஷன் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆனால் இத்தனை வருடத்தில் எங்கள் இருவரையும் திணற அடித்தது ஒரே ஒரு பாலிசிதான். அது வெங்கடாசலம் மாமாவுடையது.

மாமா எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அக்ரஹாரத்தில் இருந்தார். ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். ஓணம் முடிந்ததும் பாலிசி புதுப்பிக்க வருவார். எதை வெட்டலாம் என்று வீட்டிலேயே ஒரு முடிவெடுத்துவிட்டுத்தான் வருவார், குறைத்துக்கொண்டுதான் போவார். குறைத்த அன்று தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தில் தனிக் களை இருக்கும்.

வண்டியை ஓட்டியது செல்வராஜ். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். தோட்டத்தில் கூலி ஒழுங்காக வராமல் போனபோது மலையிறங்கி விதுராவுக்கு வந்து ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டு, யார் மூலமாகவோ மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கார் ஷெட்டை ஒட்டிய அறையில்தான் பல வருடமாக இருந்தான். பாங்க், ஆஸ்பத்திரி, மாமிக்குக் கோயில், எல்லாம் அவன்தான். அவனுடைய அம்மா மட்டும் லயத்தை விட்டு வரமாட்டேன் என்று மலையிலேயே இருந்தாள். மாதம் ஒருமுறை அவளைப் பார்க்கப் போவான். மாமாவும் மாமியும் பல தடவை கூடவே காரில் போய்விட்டு வருவார்கள். விதுராவுக்கு மேலே அந்த மலை ரோடு குண்டும் குழியுமாக இருக்கிற அழகு எல்லோருக்கும் தெரியும்.

ஒருநாள் மத்தியானம், நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரம், அவன் தனியாக வந்து நின்றான்.

"அக்கா, நம்ம வண்டி பாலிசில டிரைவருக்குன்னு ஏதும் போட்டிருக்கா?"

எடுத்துப் பார்த்தேன். இல்லை. ஓட்டுகிற உரிமையாளருக்கு விபத்துக் காப்பீடு இருந்தது. சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கான விபத்துக் காப்பீடு எந்த வருடமும் எடுக்கப்படவில்லை.

அவன் ஊர்க்காரன் ஒருவன், இவனைப் போலவே வீட்டு வண்டி ஓட்டியவன், போன மாதம் லாரியில் மோதிச் செத்துப் போயிருந்தான். அந்த வீட்டில் இன்னும் வக்கீல் வாசலில் நிற்கிறார்களாம்.

"அம்மைக்கு என்னைத் தவிர யாரும் இல்லக்கா. அந்தப் பைசாவை நானே தாரேன். மாமாவுக்குத் தெரியாம போட்டுத் தருவீங்களா?"

"கையெழுத்து அவருதான் போடணும் செல்வராஜ். நீயே கேளேன். அவரு மாட்டேன்னா சொல்லப் போறாரு?"

அவன் தயங்கினான். "எப்படிக்கா கேக்க? சம்பளம்னு சொன்னாலே மாமாவுக்குப் பிடிக்காது. ஒண்ணாந்தேதி மாமி சாமி படத்துக்கு முன்னால வச்சிருப்பாங்க. குளிச்சிட்டு வந்து நானே எடுத்துக்கணும். ஒரு நாளும் கையில தந்ததில்ல. அவங்களுக்கு நான் பிள்ளை."

பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். சாரிடம் சொன்னேன். அவர் "ஓணம் கழியட்டே" என்று மட்டும் சொன்னார்.

ஓணம் கழிந்தது, மாமா வந்தார். சார் வழக்கம்போல இறங்கிப் போய் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். செல்வராஜ் வண்டியருகிலேயே நின்றான். வெள்ளைத் தாள் வந்தது. ஒவ்வொன்றாக ஏறியது. மாமாவும் ஒவ்வொன்றுக்கும் பேரம் பேசினார். உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு என்று வந்ததும் சார் கேட்டார்.

"லைசென்ஸ் இருக்கோ மாமா? லைசென்ஸ் உள்ளவர்க்கே இது கிட்டும்."

"இருக்கு, இருக்கு. ஆத்துல இருக்கு" என்று மாமா மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஸ்டியரிங் பிடித்து நான் பார்த்ததே இல்லை. சார் என்னைப் பார்த்தார். நான் கணினியைப் பார்த்தேன்.

"இனி டிரைவர். பெய்ட் டிரைவர்க்கு ஒரு விபத்துக் காப்பீடு உண்டு. துச்சமான பைசாதான். வேணுமோ?"

"பெய்ட் டிரைவரா? யாரு?"

"செல்வராஜ்."

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன பேசறேள்? அவன் எங்காத்துப் பிள்ளையாக்கும். எங்களோட உக்காந்து சாப்பிடறான். நான் பெத்ததுகள் ரெண்டும் போன்ல முகம் காட்டறதுகள். ராத்திரி மூச்சு முட்டினா என்னைத் தூக்கிண்டு ஓடினது இவன். இவனைக் கூலின்னு நான் எழுதிக் கொடுக்கணுமா? கேட்டியா பகவதி, நீயும் பாத்துண்டுதானே இருக்கே!"

"கூலின்னு யாரு மாமா சொன்னா? டிரைவர்னுதானே எழுதுகோம்" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான். குடும்பத்து ஆள்னு எழுது. கூடப் பயணம் பண்றவாளுக்குன்னு ஒண்ணு இருக்கோல்லியோ, அதைப் போடு."

சார் கிராம்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளினார். "போடலாம். பக்ஷே நாளைக்கு ஒண்ணு சம்பவிச்சா இந்த நாற்காலியில் வேற ஆளு இருக்கும். அவர் அக்கம்பக்கம் கேட்கும். மாசாமாசம் பைசா வாங்கற ஆளுன்னு தெரிஞ்சா, பயணிக்கு உள்ளதும் கிடையாது, டிரைவர்க்கு உள்ளதும் கிடையாது. ரெண்டிலயும் சேராம அவன் வெளியே நிற்பான்."

"ஏன் சம்பவிக்கணும்? சம்பவிச்சா நான் இல்லையா? அவன் அம்மாவை நான் பாத்துக்க மாட்டேனா?"

"மாமாவும் அதே வண்டியிலல்லே" என்றார் சார், மெதுவாக.

மாமா தாளைத் தன் பக்கம் இழுத்தார். ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. "அவனைக் கேவலப்படுத்தி எனக்கு ஒரு இன்ஷூரன்ஸும் வேண்டாம்" என்று குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். செல்வராஜ் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். மழை தூற ஆரம்பித்ததால் மாமாவை அழைத்துப் போக மேலே ஏறி வந்திருக்கிறான். கேட்டுவிட்டான் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"எழுதுங்க மாமா" என்றான்.

"நீ எதுக்குடா இங்க வந்தே?"

"நாந்தான் அக்காகிட்ட வந்து கேட்டேன். அம்மை தனியா கெடக்கு மாமா." படியைத் தாண்டி உள்ளே வந்தான். "நான் சம்பளத்துக்கு ஓட்டுற ஆளுதானே. அப்படியே எழுதுங்க."

அந்த ஆபீஸில் நான் பார்த்த எத்தனையோ விபத்துப் படங்கள் எனக்கு மறந்துவிட்டன. மாமாவின் அன்றைய முகம் மறக்கவில்லை. அவனுக்கும் அதைச் சொல்வது சுலபமாக இருந்திருக்காது. சோறு போட்ட மனிதரிடம், நான் உங்கள் பிள்ளை இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது, பெற்றவளுக்காக. இரண்டு பேரில் யார் மேல் எனக்கு அதிகம் இரக்கம் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

மாமா உட்கார்ந்தார். தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "எங்கே?" என்றார். நான் விரல் வைத்துக் காட்டினேன். போட்டார். டிரைவருக்கு ஒரு லட்சம். மற்றதற்கு வீட்டிலிருந்தே செக் எழுதி வந்திருந்தார், இந்தப் பணம் மட்டும் பாக்கி. அவருடைய சொந்த விபத்துக் காப்பீடு அப்படியே இருந்தது. சார் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு மனிதருக்கு இவ்வளவு போதும் என்று நினைத்திருப்பார்.

இருவரும் இறங்கிப் போனார்கள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். மாமா எப்போதும் முன் சீட்டில் செல்வராஜுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். அன்று நேராகப் பின் கதவுக்குப் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் திறந்துவிடுவதற்காகக் காத்திருக்கும் முதலாளியைப் போல நின்றார். செல்வராஜ் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தான். பின் கதவைத் திறக்கவில்லை. முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"அது ஆபீஸ்ல எழுதறதுக்கு மாமா" என்றான். "மழை வருது. ஏறுங்க."

மாமா கைப்பிடியை விட்டார். பிறகு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். செல்வராஜ் வண்டியை எடுக்கவும் கண்ணாடி இறங்கியது.

"பகவதி, இங்க வா."

குனிந்தேன்.

"அந்த ஓனருக்குன்னு போட்டிருக்கியே, அதை எடுத்துடு. லைசென்ஸ் எப்பவோ தீந்து போச்சு. இனிமே நான் எங்க ஓட்டப் போறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அதுல மிச்சம் வர்றதை இவன் பேர்ல ஏத்து. எவ்வளவு வரை ஏத்தலாம்?"

"ரெண்டு லட்சம் வரை போடலாம் மாமா. ஆனா அந்த மிச்சம் பத்தாது, கொஞ்சம் கூட வேணும்."

"எவ்வளவு?"

"டிரைவருக்கு ரெண்டு லட்சத்துக்கும் சேர்த்துப் பார்த்தா, அந்த மிச்சத்துக்கு மேல இருபது ரூபா கூட."

பிரீமியம் குறைக்காமல் ஒரு வருடமும் எங்கள் படி இறங்காத மனிதர், சட்டைப் பையில் கைவிட்டு இரண்டு பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். என்னிடம் தரவில்லை. பக்கத்தில் திரும்பி, செல்வராஜின் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, அதில் வைத்து மூடினார்.

"போய்க் கட்டிட்டு வாடா. நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார்.